அனிலினும் ஃபார்மால்டிஹைடும்: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஏன் இன்னும் விரட்ட முடியவில்லை?

வினையூக்கி என்றால் வினை முடிந்ததும் மாறாமல் திரும்பி வரவேண்டும் என்று பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறோம். உலகில் ஆண்டுக்கு 50 லட்சம் டன்னுக்கும் மேல் தயாராகும் ஒரு பொருளின் தாய்வினையில் நடப்பது வேறு. அங்கே வினையூக்கி வேலையை முடித்ததும் அதன்மேல் காஸ்டிக் சோடாவை ஊற்றிச் சமையல் உப்பாக்கி, தண்ணீரோடு வெளியேற்றுகிறார்கள். மறுநாள் புதிய அமிலம், புதிய காஸ்டிக். பல பத்தாண்டுகளாக இதே கதைதான்.

அந்தப் பொருள் எம்.டி.ஐ., அதாவது மெத்திலீன் டைஃபீனைல் டைஐசோசயனேட். குளிர்பதனப் பெட்டியின் சுவருக்குள் நிரம்பியிருக்கும் மஞ்சள் நுரை, குளிர்க்கிடங்குகளின் சுவர்ப்பலகை, சில காலணிகளின் அடிப்பாகம், மரத்துகள் பலகையை ஒட்டும் பசை எல்லாவற்றிலும் அது இருக்கிறது. எம்.டி.ஐ.-க்கு முந்தைய படி எம்.டி.ஏ., அதாவது மெத்திலீன் டைஅனிலின். பென்சீன் வளையத்தில் அமீன் என்ற நைட்ரஜன் தொகுதி ஒட்டிய சேர்மம் அனிலின். அதன் இரண்டு மூலக்கூறுகளை ஒரு ஃபார்மால்டிஹைடின் கார்பனைக் கொண்டு கோத்தால் எம்.டி.ஏ. கிடைக்கும். காகிதத்தில் எழுதினால் மிகச் சுத்தமான வினை: 186 கிலோ அனிலினும் 30 கிலோ ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து 198 கிலோ எம்.டி.ஏ.; மிச்சம் 18 கிலோ தண்ணீர். வேறு கழிவே இல்லை. கழிவு முழுவதும் வினையூக்கியிடமிருந்து வருகிறது.

வினையூக்கியாக நிற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மாற்றும் முயற்சிகள் ஆய்வகத்தில் வென்றும் ஆலையில் ஏன் வெல்லவில்லை என்பதே இந்த ஆய்வின் கேள்வி. வேதியியல் பாதி விடையைத்தான் தருகிறது. மீதிப் பாதி பக்கத்து ஆலைகளின் வரவுசெலவில் இருக்கிறது.

ஆல்டிஹைடு வளையத்தைப் பிடிக்கும் விதம்

பென்சீன் போன்ற நறுமண வளையத்தில் ஆல்கைல் தொகுதியை ஏற்றுவதற்கு ஆல்கைல் ஹாலைடு, ஆல்கீன், ஆல்கஹால் என்று பல வழிகள் உண்டு. ஆல்டிஹைடு அவற்றிலிருந்து ஒரு விஷயத்தில் வேறுபட்டது: அதன் கார்பன் ஒருமுறை பிடித்துவிட்டு ஓய்வதில்லை. அமிலம் கார்பனைல் ஆக்சிஜனில் புரோட்டானை ஏற்றுகிறது. வளையம் வந்து அந்தக் கார்பனைத் தாக்குகிறது. ஒரு பென்சைல் ஆல்கஹால் உருவாகிறது. அந்த ஆல்கஹால் அதே அமிலத்தின் முன்னால் நிலைத்து நிற்பதில்லை. தண்ணீரை இழந்து, எலக்ட்ரான் பசியுள்ள பென்சைல் நேரயனியாகி, கையருகே கிடைக்கும் இன்னொரு வளையத்தையும் பிடித்துக்கொள்கிறது. பெரும்பாலும் இரண்டாவது படி முதல் படியைவிட வேகமானது. ஆகவே ஒரு ஆல்டிஹைடு, இரண்டு வளையம் என்பதே இயல்பான முடிவு.

இந்த இயல்பிலிருந்து 19-ஆம் நூற்றாண்டிலேயே எத்தனையோ பிறந்துவிட்டன. 1872-இல் அடால்ஃப் ஃபான் பேயர் ஃபீனாலையும் ஆல்டிஹைடுகளையும் சேர்த்தபோது பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு வராத பிசின் கிடைத்தது. படிகத்தைத் தேடிய வேதியியலாளர்களுக்கு அது தொல்லை. 35 ஆண்டுகள் கழித்து லியோ பேக்லாந்து அதே பிசினை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அடக்கி பேக்கலைட் ஆக்கினார். 1874-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பேயரின் ஆய்வகத்தில் ஆத்மார் சைட்லர் குளோராலையும் குளோரோபென்சீனையும் இணைத்துச் செய்த சேர்மம், 1939-இல் பால் முல்லரின் கையில் டி.டி.டி. ஆகிக் கொசுவைக் கொன்றது. பென்சால்டிஹைடையும் டைமெத்தில் அனிலினையும் சேர்த்தால் மாலகைட் கிரீன் சாயத்தின் முன்வடிவம். எல்லாவற்றிலும் அடித்தளம் ஒன்றே.

ஒரே ஒரு வளையத்தோடு நிறுத்தவேண்டும் என்றால் அந்தப் பென்சைல் நேரயனிக்கு இன்னொரு வளையம் கிடைப்பதற்கு முன்னால் ஒரு ஹைட்ரைடை (எதிர்மின் கொண்ட ஹைட்ரஜனை) கொடுத்துவிடவேண்டும். 1990-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்கு அழகான ஒரு வழி கண்டார்கள். ஸ்கேண்டியம் ட்ரைஃபிளேட்டைச் சிறிதளவு வினையூக்கியாக வைத்து, ஆல்டிஹைடோடு 1,3-புரொப்பேன்டையால் சேர்த்தார்கள். ஆல்டிஹைடு அந்த டையாலோடு அசிட்டால் ஆகிறது. வளையத்தைப் பிடித்த பிறகு அதே அசிட்டாலின் எஞ்சிய பகுதி தன் ஹைட்ரைடையே நேரயனிக்குத் தந்துவிடுகிறது. தனியாகக் குறைப்பான் எதுவும் வேண்டியதில்லை. தண்ணீரைக் கண்டால் சாகாத லூயிஸ் அமிலம் (எலக்ட்ரான் இணையை ஏற்கும் வகை) என்பது கூடுதல் வசதி; அலுமினியம் குளோரைடைப் போல வினைக்குப் பின் குழம்பாகிக் கெடுவதில்லை. ஆய்வகத்தில் கிராம் கணக்கில் செய்ய அருமையான முறை. ஆனால் ஸ்கேண்டியத்தின் விலையைக் கேட்டால் ஆலை மேலாளர் எழுந்து போய்விடுவார்.

இந்த ஹைட்ரைடு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளவும். எம்.டி.ஏ. ஆலையில் அது வேண்டாத விருந்தாளியாகத் திரும்ப வரும்.

அனிலின் எடுக்கும் சுற்றுவழி

ஃபீனாலைப் போல அனிலின் நேராக வளையத்தின் கார்பனால் தாக்குவதில்லை. அதற்கு ஒரு நைட்ரஜன் இருக்கிறது. ஃபார்மால்டிஹைடைக் கண்டதும் முதலில் கைநீட்டுவது அந்த நைட்ரஜன்தான். அனிலினில் ஃபார்மலினை, அதாவது ஃபார்மால்டிஹைடின் நீர்க்கரைசலை, சொட்டவிட்டால் அமிலமே இல்லாமல் சூடேறிப் பால்போல் கலங்கும். சற்று நிறுத்தினால் எண்ணெய்ப் படலமும் தண்ணீர்ப் படலமுமாகப் பிரியும். அந்த எண்ணெயில் இருப்பது அமினால்: இரண்டு அனிலின்களின் நைட்ரஜன்களுக்கு நடுவே ஒரு கார்பன் பாலம். நமக்கு வேண்டியது வளையங்களுக்கு நடுவே பாலம். பாலம் இடம் மாறவேண்டும்.

இடமாற்றத்துக்குத்தான் அமிலம். புரோட்டான் ஏறியதும் அமினாலின் ஒரு நைட்ரஜன்–கார்பன் பிணைப்பு அறுகிறது. விடுபட்ட கார்பன் வேறொரு அனிலினின் வளையத்தில், பெரும்பாலும் நைட்ரஜனுக்கு நேரெதிரான பாரா இடத்தில், போய் ஒட்டுகிறது. இப்போது பாலத்தின் ஒரு முனை வளையத்தில், மறுமுனை நைட்ரஜனில். இந்த இடைப்பொருளின் பெயர் பாரா-அமினோபென்சைல் அனிலின். மீண்டும் அமிலம், மீண்டும் ஒரு பிணைப்பு அறுந்து, இந்த முறை இரண்டு முனைகளும் வளையத்தில் அமர்கின்றன. அதுதான் 4,4'-எம்.டி.ஏ. (4 என்றால் பாரா இடம், 2 என்றால் ஆர்த்தோ இடம்). முதல் கட்டத்தைக் குறைந்த வெப்பத்தில் நடத்திவிட்டு, இடமாற்றத்தை முடிக்கப் படிப்படியாக 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றுகிறார்கள்.

எல்லாம் 4,4' ஆகவே முடிவதில்லை. சில நைட்ரஜனுக்குப் பக்கத்து ஆர்த்தோ இடத்தில் ஒட்டி 2,4' ஆகின்றன. மிகச் சில 2,2'. உருவான எம்.டி.ஏ.-யும் ஒரு அனிலின் வகைதானே. அதன் வளையமும் இன்னொரு கார்பனைப் பிடிக்கும். மூன்று வளையம், நான்கு வளையம் என்று சங்கிலி நீளும். இதைக் கட்டுப்படுத்த ஆலையாளர்களிடம் இரண்டு கைப்பிடிகள் உண்டு. அனிலினை அளவுக்கு மேல் ஊற்றினால் நீள்சங்கிலி குறைந்து இருவளையப் பொருள் கூடும். அமிலத்தைக் கூட்டினால் 4,4' கூடும். குறைத்தால் ஆர்த்தோ மாற்றியங்கள் (அதே அணுக்கள், வேறு அமைப்பு) தலைதூக்கும். நுரைக்குப் போகும் சாதாரண எம்.டி.ஐ.-யில் ஏறக்குறைய பாதி இருவளையம், மீதி நீள்சங்கிலி. அந்தக் கலவைதான் சந்தையின் பழகிய சரக்கு.

முன்பு சொன்ன ஹைட்ரைடு இங்கேதான் குறுக்கே வருகிறது. நைட்ரஜனோடு ஒட்டியிருக்கும் நேரயனிக் கார்பன், வளையத்துக்குப் போவதற்குப் பதில் கலவையிலிருந்து ஒரு ஹைட்ரைடைப் பறித்துக்கொண்டால் அது மெத்தில் தொகுதியாக நைட்ரஜனிலேயே தங்கிவிடும். இப்படி உருவாகும் என்-மெத்தில் எம்.டி.ஏ. சில சதவீதம்கூட வராது. ஆனால் எம்.டி.ஐ.-யாக மாற அடுத்த ஆலையில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவோடு சேரும்போது அந்த நைட்ரஜன் ஐசோசயனேட்டாக மாற வழியில்லாமல் கார்பமாயில் குளோரைடாகி நின்றுவிடுகிறது. இறுதிச் சரக்கில் குளோரின் மிச்சம் என்று வாடிக்கையாளர் புகார் எழுதுவதற்கு இது ஒரு காரணம். ஸ்கேண்டியக்காரர்கள் வேண்டி விரும்பிச் செய்ததை, எம்.டி.ஏ. ஆலையில் வேண்டாம் என்று விரட்டவேண்டியிருக்கிறது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

இப்போது அமிலத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஃபார்மால்டிஹைடு ஒன்றுக்கு அனிலின் 2.5 மோல், அனிலின் ஒன்றுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.25 மோல் என்று வைத்துக்கொள்வோம். ஆலைக்கு ஆலை இந்த விகிதம் மாறும். கணக்கின் போக்கு மாறாது.

ஒரு டன் எம்.டி.ஏ. என்பது சுமார் 5 கிலோமோல். அதற்கு ஊற்றும் அனிலின் 12.6 கிலோமோல், அமிலம் 3.15 கிலோமோல், அதாவது 115 கிலோ ஹைட்ரஜன் குளோரைடு. வினை முடிந்த கலவையில் இந்த அமிலம் தனியாகச் சுற்றிக்கொண்டிருப்பதில்லை. அனிலினும் எம்.டி.ஏ.-யும் காரத்தன்மை கொண்டவை. அமிலத்தை உப்பாகப் பிடித்து வைத்திருக்கும். காய்ச்சி வடித்தால் அமிலம் தனியே வராது. பிரித்தெடுக்க ஒரே வழி, அதைவிட வலிய காரத்தைக் கொடுத்துப் பிடுங்குவது. 126 கிலோ காஸ்டிக் சோடா செலவாகி 184 கிலோ உப்பு வெளியே வருகிறது. ஃபார்மலினோடு வந்த தண்ணீர், அமிலத்தோடு வந்த தண்ணீர், காஸ்டிக்கோடு வந்த தண்ணீர், வினையில் பிறந்த தண்ணீர் எல்லாம் சேர்ந்து முக்கால் டன்னுக்குக் குறையாது.

வேதியியல் முறைப்படி பார்த்தால் அமிலம் வினையில் செலவாகவே இல்லை. கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் ஒவ்வொரு கிலோவும் செலவு. ஆண்டுக்கு 50 லட்சம் டன் எம்.டி.ஐ. என்று கொண்டு இதே விகிதத்தை உலக அளவுக்கு நீட்டினால் உப்பு மட்டும் 7 லட்சம் டன்னைத் தாண்டுகிறது. இது என் தோராயக் கணக்கு. ஆனால் அளவின் வரிசை தவறாது.

நடுநிலையாக்கும் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் சிக்கல் இன்னும் துலங்கும். சூடான அமீன் (எம்.டி.ஏ.-யும் மிஞ்சிய அனிலினும்) ஒரு படலம், உப்புநீர் ஒரு படலம். இரண்டின் அடர்த்திக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உப்பின் செறிவு மாறினால் எது மேலே, எது கீழே என்பதே மாறிவிடக்கூடும். இரண்டுக்கும் நடுவே தெளியாத ஒரு சளிப்படலம் தேங்கும். எம்.டி.ஏ. 90 டிகிரி வாக்கில் உறைந்துவிடும் என்பதால் குழாய்க்குக் குழாய் நீராவி உறை வேண்டும். ஒரு வால்வு குளிர்ந்தால் வரிசை முழுவதும் அடைத்துக்கொள்ளும். கீழே போகும் உப்புநீரிலும் அனிலின், எம்.டி.ஏ., ஃபீனால் சிறிது சிறிது கரைந்து போகின்றன. அவற்றை வடித்தோ, அனிலினாலேயே அலசியோ, கரியில் ஏற்றியோ எடுத்த பிறகுதான் அந்த நீரை எங்கும் அனுப்ப முடியும்.

எப்பிங், 1965

இந்த அமீனைப் பற்றி ஏன் இவ்வளவு கவனம் என்பதற்கு இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள எப்பிங் என்ற சிற்றூர் சாட்சி. 1965 தொடக்கத்தில் அங்கே ஒருவர் பின் ஒருவராக வயிற்றுவலியோடும் மஞ்சள் காமாலையோடும் மருத்துவரிடம் வந்தார்கள். மொத்தம் 84 பேர். தொற்று நோய் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பரவிய விதம் தொற்றைப் போல இல்லை. விசாரித்தால் எல்லாரும் ஒரே வகை முழுக்கோதுமை ரொட்டியைச் சாப்பிட்டிருந்தார்கள். மாவு மூட்டை வந்த அதே வண்டியில் எம்.டி.ஏ. கொள்கலனும் வந்திருக்கிறது, பிளாஸ்டிக் பிசினை இறுக்கும் பொருளாக வேறு யாருக்கோ அனுப்பப்பட்ட சரக்கு. அது வண்டித் தரையில் சிந்தி மாவு மூட்டையில் ஊறிவிட்டது. யாரும் இறக்கவில்லை. மருத்துவ நூல்களில் இன்றும் அதற்கு 'எப்பிங் காமாலை' என்றே பெயர்.

கல்லீரலைத் தாக்கும் இந்தப் பொருளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற 2பி பட்டியலில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தனி அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாத பொருள்களின் முதல் தொகுப்பிலேயே இதைச் சேர்த்து, 2014 ஆகஸ்ட் 21 முதல் நடைமுறைப்படுத்தியது. மூடிய ஆலைக்குள் அப்படியே எம்.டி.ஐ.-யாக மாறிவிடும் இடைப்பொருளுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே ஆலைக்குள் எம்.டி.ஏ. பிறக்கும், ஆலைக்குள்ளேயே மறையும், வெளியே தெரியாது. ஆனால் உப்புநீர் வெளியே வருகிறது. வினையூக்கியை மாற்றினால் அந்த உப்புநீரே இருக்காது என்பதுதான் ஆய்வாளர்களைத் தூண்டிய கனவு.

ஜியோலைட்டை அழைத்த கதை

கனவுக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. பென்சீனையும் புரொப்பிலீனையும் சேர்த்துக் கியூமீன் செய்யும் தொழிலில் அலுமினியம் குளோரைடும் பாஸ்பாரிக் அமிலமும்தான் ஒரு காலத்தில் ஆட்சி செய்தன. 1990-களில் நுண்துளைகள் நிறைந்த அலுமினோசிலிக்கேட் படிகங்களான ஜியோலைட்டுகள் வந்து சில ஆண்டுகளிலேயே அவற்றை ஓரங்கட்டிவிட்டன. அமிலத் திண்மத்தைக் குழாயில் நிரப்பி, திரவத்தை அதன் வழியே விட்டால் போதும். நடுநிலையாக்கல் இல்லை, உப்பு இல்லை, அரிமானம் இல்லை. பென்சீனில் நடந்தது அனிலினில் நடக்காதா என்று கேட்பது நியாயம்தான்.

ஸ்பெயினின் வலென்சியாவில் அவெலினோ கோர்மாவின் குழு, ஹன்ட்ஸ்மன் நிறுவனத்தாரோடு சேர்ந்து 2004-இல் நேரடியாக இந்தக் கேள்வியையே எடுத்தது. அவர்களும் பின்னால் வந்தவர்களும் கையாண்ட உத்தி ஏறத்தாழ ஒன்று. அமினால் உருவாக அமிலம் தேவையில்லை என்பது தெரிந்ததே. ஆகவே முதலில் அமிலமின்றி அமினாலைச் செய், தண்ணீரைப் பிரி, எண்ணெயை உலர்த்து, அதன்பின் ஜியோலைட்டின் மேல் விட்டு இடமாற்றத்தை நடத்து. வரிசை புத்திசாலித்தனமானது: ஜியோலைட்டின் பெரிய எதிரிகளில் ஒன்றான தண்ணீரின் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடுகிறது.

வினை நடந்தது, நன்றாகவே நடந்தது. ஒய் வகை, பீட்டா வகை ஜியோலைட்டுகள் அமினாலை எம்.டி.ஏ.-யாக மாற்றின. சிக்கல் வேகத்தில் தெரிந்தது. ஒய் ஜியோலைட்டின் வாசல் சுமார் 0.74 நானோமீட்டர். அனிலின் சுலபமாக நுழையும், இருவளைய எம்.டி.ஏ. நெளிந்து வெளியே வரும். மூன்று, நான்கு வளையச் சங்கிலி உள்ளே பிறந்துவிட்டால் வெளியே வர வழியில்லை. அது வாசலிலேயே அடைத்துக்கொண்டு பின்னால் வருபவர்களையும் மறிக்கும். படிகத்தைச் சிறிதாக்கினால் வழி குறுகும் என்று நானோ படிகங்களை முயன்றார்கள், பலன் தெரிந்தது. ஜியோலைட்டை ஏடு ஏடாக உரித்து, துளைக்குள் இருந்த அமிலத் தளங்களை வெளிமுகத்துக்குக் கொண்டுவந்த வடிவங்களை வலென்சியா குழு பயன்படுத்தியது. இன்னும் நல்ல பலன். மியூனிக்கில் யோஹானஸ் லெர்ஷரின் குழு இந்த வினையின் படிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்தது. 2010-களில் சூரிச்சில் பெரெஸ்-ராமிரெஸின் குழு, காரக் கரைசலில் சிலிக்காவைக் கரைத்தெடுத்துப் படிகத்துக்குள் அகலச் சந்துகளை வெட்டும் முறையால் ஆயுளையும் செயலையும் கூட்டிக் காட்டியது. துறைசார்ந்த யாரும் இவற்றைத் தோல்வி என்று சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் தடை எது?

முதல் தடை அனிலினே. கியூமீன் ஆலையில் பென்சீனுக்கு ஜியோலைட்டின் அமிலத் தளத்தோடு பெரிய உறவு இல்லை. வரும், வினைபுரியும், போகும். அனிலின் காரம். அமிலத் தளத்தைக் கண்டதும் அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறது. எம்.டி.ஏ.-க்கு இரண்டு நைட்ரஜன், நீள்சங்கிலிக்கு மூன்று நான்கு. நீளம் கூடக்கூடப் பிடியும் பலக்கும். செய்யும் பொருளே வினையூக்கிக்கு நஞ்சு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் இதே சிக்கல் உண்டு, ஆனால் கரைசலில் புரோட்டான் ஒரு அனிலினிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். யாரும் அதைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. திண்மத்தின் தளம் ஓரிடத்தில் கட்டுண்டது. துளையை எவ்வளவு அகலமாக்கினாலும் இந்தப் பிடிப்பு தளர்வதில்லை. அடைத்துக்கொண்ட ஜியோலைட்டைக் காற்றில் பொசுக்கிப் புதுப்பிக்கலாம். 500 டிகிரி வாக்கில் எரிக்கும்போது கரியோடு நைட்ரஜனும் எரிந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக வரும். உப்புநீருக்குப் பதில் புகைபோக்கிக்குச் சுத்திகரிப்பு என்று செலவு இடம்மாறுகிறது.

இரண்டாவது தடை மாற்றியங்கள். ஜியோலைட்டுகள் பொதுவாக 2,4' மாற்றியத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைவிடக் கூடுதலாகத் தருகின்றன. அது குப்பை அல்ல. தூய 4,4'-எம்.டி.ஐ. 40 டிகிரி வாக்கில் உருகும் திண்மம். 2,4' கலந்தால் அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும், சில இடங்களில் அதற்குத் தனி மவுசும் உண்டு. ஆனால் ஆர்த்தோ இடத்து ஐசோசயனேட் நெரிசலில் இருப்பதால் மெதுவாக வினைபுரியும். குளிர்பதனப் பெட்டி ஆலையில் சுவருக்குள் ஊற்றிய கலவை எத்தனை விநாடியில் பொங்கவேண்டும், எத்தனை விநாடியில் இறுகவேண்டும் என்பதெல்லாம் பழைய விகிதத்தை நம்பி வகுத்த கணக்கு. வாடிக்கையாளரிடம் போய் 'எங்கள் வினையூக்கி பசுமையானது, உங்கள் அச்சுகளின் நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிப் பார்க்கட்டும்.

மூன்றாவது தடையைத்தான் ஆய்வுக் கட்டுரைகள் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகின்றன. என் கணிப்பில் அதுவே மிகப் பெரியது.

எம்.டி.ஏ. அடுத்த ஆலையில் ஃபாஸ்ஜீனோடு சேர்ந்து எம்.டி.ஐ. ஆகிறது. (போபாலில் 1984-இல் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டும் இதே குடும்பம், அதுவும் ஃபாஸ்ஜீன் வழியே வந்தது. எம்.டி.ஐ. அவ்வளவு எளிதில் ஆவியாகாது என்பது பெரிய வேறுபாடு.) ஒவ்வொரு அமீன் தொகுதியும் ஐசோசயனேட் ஆகும்போது இரண்டு ஹைட்ரஜன் குளோரைடு வெளியே வருகிறது. ஒரு டன் எம்.டி.ஏ.-க்கு ஏறக்குறைய 735 கிலோ. எம்.டி.ஏ. ஆலைக்குத் தேவையோ 115 கிலோதான். அமிலம் பக்கத்து ஆலையில் கொட்டிக் கிடக்கிறது. அதை எங்கே தள்ளுவது என்பதுதான் அங்கே தலைவலி.

இனி காஸ்டிக். ஃபாஸ்ஜீனுக்குக் குளோரின் வேண்டும். அதே ஒரு டன்னுக்கு 716 கிலோ. உப்புநீரை மின்பகுத்துக் குளோரின் எடுக்கும்போது கூடவே காஸ்டிக் சோடாவும் வரும்; 716 கிலோ குளோரினுக்கு 808 கிலோ. எம்.டி.ஏ. ஆலை அதில் 126 கிலோவை எடுத்துக்கொள்கிறது. அதை வெளியே விற்றிருந்தால் காசு கிடைத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் வாங்க வெளியே போகவேண்டிய தேவை இல்லை என்பதும் உண்மை. நடுநிலையாக்கிய பின் வரும் உப்புநீரிலுள்ள அமீனையும் ஃபீனாலையும் நன்றாக நீக்கிவிட்டால் கொள்கையளவில் அதையே மின்பகுப்புக்குத் திருப்பி அனுப்பலாம். அப்போது வட்டம் முழுமையாகிறது: உப்பு குளோரினாகவும் காஸ்டிக்காகவும் பிரிந்து, இரண்டு ஆலைகளைச் சுற்றிவந்து, மீண்டும் உப்பாகச் சேர்கிறது. மின்பகுப்புக் கலத்தின் சவ்வு கரிமக் கசடைச் சகிக்காது என்பதால் சுத்திகரிப்பு எளிதல்ல. ஆனால் அது கசடு நீக்கும் வேலை, புதிய வினையூக்கியைக் கண்டுபிடிக்கும் வேலை அல்ல. பொறியாளர்கள் இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

ஆகவே ஜியோலைட் போட்டியிடுவது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு அல்ல. குளோரின், காஸ்டிக், ஃபாஸ்ஜீன், உப்புநீர் என்று ஒன்றோடொன்று குழாயால் பிணைந்த ஒரு வளாகத்தோடு. அந்த வளாகத்தில் அமிலம் அடிமாட்டு விலைக்கும் கீழே. கியூமீன் ஆலையில் அலுமினியம் குளோரைடுக்கு இப்படி ஒரு சுற்றம் இருந்ததில்லை. அதனால்தான் அது அவ்வளவு சீக்கிரம் வெளியேறியது.

வரிசையை மாற்றினால்

ஃபாஸ்ஜீனே வேண்டாம் என்று ஒருவர் தொடங்கினால் இந்தச் சமன்பாடு முழுவதும் மாறும். அந்த வழியும் புதிதல்ல. ஜப்பானின் அசாகி நிறுவனம் 1980-களில் முயன்ற முறையில், அனிலினை முதலிலேயே கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன், எத்தனால் கொண்டு ஃபீனைல் கார்பமேட்டாக மாற்றிவிடுகிறார்கள். அதன் பிறகுதான் ஃபார்மால்டிஹைடு. இரண்டு கார்பமேட் வளையங்களை ஒரு கார்பன் கோக்கிறது. கடைசியில் சூடாக்கினால் ஆல்கஹால் கழன்று எம்.டி.ஐ. கிடைக்கிறது. ஃபாஸ்ஜீன் இல்லை, குளோரின் இல்லை, எம்.டி.ஏ. என்ற நச்சுப் பொருளே நடுவில் இல்லை.

நம் கேள்விக்கு இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. கார்பமேட்டின் நைட்ரஜன் காரமல்ல. அதன் எலக்ட்ரான் இணை பக்கத்துக் கார்பனைலோடு பகிரப்பட்டுவிட்டது. அமிலத் தளத்தின்மேல் ஏறி உட்கார அதற்கு வலுவில்லை. அனிலினிடம் தோற்ற திண்ம அமிலம் இங்கே மூச்சுவிட முடியும். பக்கத்தில் இலவச ஹைட்ரஜன் குளோரைடும் கிடையாது என்பதால் விலைப் போட்டியும் நேர்மையானது.

விலை வேறு இடத்தில் கேட்கப்படுகிறது. எலக்ட்ரான் குறைந்த வளையம் சோம்பேறி. அனிலினைப் போலத் துள்ளி வந்து கார்பனைப் பிடிக்காது. வலிய அமிலம் வேண்டும். பாலத்தின் ஒரு முனை நைட்ரஜனிலேயே நின்றுவிடும் துணைப்பொருளும் உருவாகும்; அதை இன்னும் வலிய அமிலத்தால் தள்ளி வளையத்துக்கு அனுப்பவேண்டும், இல்லையென்றால் கடைசிச் சூடாக்கலில் அது ஐசோசயனேட்டாகப் பிரியாமல் பிசினாகும். சூடாக்கும் படியிலும் பிறந்த ஐசோசயனேட் கழன்ற ஆல்கஹாலோடு மீண்டும் சேராமல் உடனுக்குடன் பிரிக்கவேண்டும். இவை ஒவ்வொன்றும் தீர்க்கக்கூடியவை. எல்லாவற்றையும் ஒரே ஆலையில், ஃபாஸ்ஜீன் வழி தரும் விலைக்குத் தீர்த்தவர் இல்லை. எம்.டி.ஐ. சந்தையை ஆளும் வான்ஹுவா, கோவெஸ்ட்ரோ, பி.ஏ.எஸ்.எஃப்., ஹன்ட்ஸ்மன், டௌ ஆகியவற்றின் பெரிய ஆலைகள் எல்லாம் ஃபாஸ்ஜீன் வழியில்தான் இயங்குகின்றன. அவற்றின் எம்.டி.ஏ. பிரிவில் அனிலினும் ஃபார்மலினும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலக்கின்றன. கடைசித் தொட்டியில் காஸ்டிக் விழுகிறது.